விளக்கில் தெரிந்த கை

பயிற்சி மருத்துவர்களான எங்கள் நால்வருக்கும் ஆளுக்கொரு அறுவைப் பதிவேடு உண்டு. பெருமாயிக்குக் குடல்வால் எடுத்த அன்று, எண்ணிக்கை கூட வேண்டுமே என்று நால்வருமே ‘நான் செய்தேன்’ என எழுதிக்கொண்டோம். மூன்றாம் நாள் அவள் இறந்துபோனாள். உடனே நான்கு பதிவேடுகளிலும் ஒயிட்னர் பூசி ‘உதவினேன்’ என்று திருத்தினோம். அது காய்வதற்குள் அவள் மகள் வாசலில் வந்து நின்றாள்.

“முதுகுல ஊசி போட்டு மரத்துப்போனாலும் அம்மா முழிச்சுக்கிட்டுதான் இருந்துச்சாம். மேல இருந்த லைட்டுல எல்லாம் தெரிஞ்சுதாம். எடது கையால அறுத்த டாக்டர்கிட்ட மட்டும் ஒண்ணு சொல்லச் சொல்லுச்சு. அது யாருங்க?”

மற்ற மூவரும் குனிந்துகொண்டார்கள். நான் பேனாவை வலது கைக்கு மாற்றிக்கொண்டேன்.