எதைப் போலவும் இல்லை

பழைய இரும்பில் ரிச்சர்ட் செய்யும் சிற்பத்துக்கு ஒரே விதிதான்: அது எதைப் போலவும் இருக்கக் கூடாது. இருந்தால் அந்த இடத்தை வெட்டி எறிந்துவிடுவார். சோதித்துச் சொல்வது மனைவி தேவகிருபையின் வேலை.

"ஏட்டி, செத்த வா. இது எது மாதிரி இருக்கு?"

முந்தாநாள், "சேவக்கொண்ட மாதிரி இருக்கு" என்றாள். கொண்டை போயிற்று. நேற்று, "பைக் ஹேண்டில்பாரு" என்றாள். அதுவும் போயிற்று.

இன்று ராஜபாளையம் மில்லில் கழித்துப்போட்ட இரும்புப் பட்டையைக் குறுக்கே வளைத்து, உச்சியில் பல்சக்கரம் ஒன்றைச் சாய்வாகப் பற்றவைத்திருந்தார்.

"இப்ப?"

தேவகிருபை வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தாள்.

"எது மாதிரியும் இல்லங்க. இனிமே இதுல கைய வைக்காதீக."

"அப்பாடா, முடிஞ்சது!" ரிச்சர்ட் வெல்டிங் மெஷினைச் சந்தோஷமாக நிறுத்தினார். "எங்க வைக்கட்டும்?"

"அடுப்படி ஜன்னலுக்கு நேரா வைங்க."

சாயங்காலம் கத்தாரிலிருந்து மகள் அக்சா வீடியோ காலில் வந்தாள். தேவகிருபை போனை ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"ஏம்மா! பையத் தோள்ல மாட்டிக்கிட்டு, காலேஜ் பஸ்ஸு வருதான்னு நான் எட்டிப் பாக்குற மாதிரியே இருக்கே!"

தேவகிருபை சட்டென்று போனை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"மெல்லப் பேசுட்டி! ஒங்கப்பா காதுல விழுந்தா வெட்டிப்புடுவாக."