மேல்மலையில் வேப்பிலை

பிள்ளையின் குல்லாயைக் கழற்றியவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

பாப்பாவின் நெற்றியில் சிவப்பாக ஒரு முத்து. கன்னத்தில் இரண்டு. புறங்கையில் இன்னும் சில.

அந்தச் சொல்லை அவள் சொல்லவில்லை. சொல்லக் கூடாது. தாளிக்க வைத்திருந்த எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள்.

பூண்டுக் காட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வேலப்பன் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான். பிள்ளையைப் பார்த்தான். போட்ட செருப்பைக் கழற்றினான்.

"ஆத்தா வந்திருக்கா" என்றாள்.

மேல்மலைக் குளிரில் வேம்பு முளைக்காது. ஆத்தா வந்தால் வேப்பிலை கீழேயிருந்து பஸ் ஏறித்தான் வர வேண்டும். வேலப்பன் வத்தலக்குண்டில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டான். நாளைக்குத்தான் வர முடியும் என்றாள் அக்கா.

அன்று முழுக்க அவள் பாப்பாவை மடியிலிருந்து இறக்கவில்லை. தலைச்சன் பிள்ளை. இன்னும் நடை பழகவில்லை.

என்ன குற்றம் செய்தோம் என்று தேடினாள். ஆடியில் கூழ் ஊற்றாமல் விட்டதா? நேர்ந்துகொண்ட மாவிளக்கை மறந்ததா? ஒன்றும் பிடிபடவில்லை.

பிள்ளைக்கு உடம்பு சுடவில்லை. சிரிக்கிறது. பால் குடிக்கிறது. ஸ்வெட்டருக்குள் ஒரு முத்துகூட இல்லை. மூடாத இடமாகப் பார்த்துப் பார்த்தா போடுவாள் ஆத்தா?

போடுவாள். அவளை யார் கேட்பது?

மறுநாள் விடிந்தபோது காதோரம் புதிதாக இரண்டு இருந்தன. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

"எனக்குப் போடு தாயே. பச்ச மண்ணு, அத விட்டுரு."

மதியம் வத்தலக்குண்டு மதினி வந்தாள். இரண்டு பஸ் மாறி, மடி நிறைய வேப்பிலையோடு. ஸ்வெட்டர் தோளில் கிடந்தது. வழியெல்லாம் போடத் தேவைப்படவே இல்லையாம்.

வேலப்பன் முதல் வேலையாக நிலையில் வேப்பிலையைச் செருகினான்.

மதினி பிள்ளையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் போனாள். கன்னத்தைத் திருப்பினாள். காதைத் திருப்பினாள். பிறகு சிரித்தாள். அடக்க முடியாமல் சிரித்தாள்.

"அடியே, கொசுக்கடிடி இது! ஆத்தாவாம் ஆத்தா!"

அவளுக்கு விளங்கவில்லை.

கொசுவைத் தெரியாதவள் இல்லை அவள். கீழே கல்யாணம் காட்சிக்குப் போனால் கடிக்கும். மலையேறினால் விட்டுவிடும். அவள் பிறந்ததிலிருந்து அப்படித்தான். அம்மாவுக்கும் அப்படித்தான்.

மதினி நேராகப் பின்பக்கம் போய் நீல டிரம்மை எட்டிப் பார்த்தாள். தண்ணீருக்குள் சின்னச் சின்னதாக நெளிந்தன.

"இது என்னடி?"

"மீன் குஞ்சு, மதினி."

எங்கிருந்து வந்தன என்று அவள் யோசித்ததில்லை. தையில் இந்த டிரம்மில் காலைதோறும் கண்ணாடி போலப் பனியேடு மிதக்கும். இந்தத் தையில் மிதக்கவில்லை. சித்திரை பிறந்ததும் குஞ்சுகள் வந்தன. தினமும் காலையில் பாப்பாவைத் தூக்கிக் காட்டினாள். பாப்பா கை தட்டும்.

மதினி டிரம்மைக் கவிழ்த்தாள்.

மண்ணில் அவை துடிப்பதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பாவமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

"காய்ச்ச வந்தா மட்டும் ஆஸ்பத்திரிக்கு ஓடிருங்க" என்றாள் மதினி. "போன மழைக்கு எங்க தெருவுல ஒரு பிள்ள..."

மதினி பாப்பாவின் தலையைத் தடவினாள்.

ஆத்தா இல்லை என்றால் சந்தோஷப்பட வேண்டும். அவளும் பட்டுப் பார்த்தாள். வரவில்லை.

ஆத்தா என்றால் என்ன செய்வது என்று தெரியும். வேப்பிலையில் படுக்கவைப்பார்கள். மஞ்சள் நீர் ஊற்றுவார்கள். மூன்றாம் தண்ணீரோடு ஆத்தா வயிறு குளிர்ந்து போய்விடுவாள்.

"இதுக்கு என்னிக்கு மதினி தண்ணி ஊத்தணும்?"

மதினி மறுபடி சிரிக்கப் போனாள். அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று கண்டதும் வாயை மூடிக்கொண்டாள்.

"இது போகாதுடி. கீழ நாங்க இதுகூடவேதான் கெடக்கோம். சுருள் வாங்கிக் கொளுத்து."

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மதினி போனாள்.

வேலப்பன் கடைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினான். கொசுவர்த்திச் சுருளா, அது எதுக்கு நம்ம ஊருக்கு என்று கடைக்காரர் சிரித்தாராம். நாளைக்குக் காலையில் கொடைக்கானல் போய் வாங்கி வருகிறேன் என்றான்.

நாளைக்கு.

பொழுது சாய்ந்தது. நிலையில் வேப்பிலை அப்படியே இருந்தது. செருகியதை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. நாழி அரிசி கடன் கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டு, வாசலோடு கும்பிட்டுத் திரும்பிப் போனாள்.

கதவைச் சாத்தினார்கள். பலகைக் கதவு. நாலு பக்கமும் சந்து.

பாப்பா மடியில் தூங்கியது. கன்னத்தில் மதினி பூசிய மஞ்சள்.

காதருகே மெல்லிதாக ஒரு ரீங்காரம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

அவள் பாப்பாவின் குல்லாயைப் புருவம் வரை இழுத்துவிட்டாள். இரண்டு பிஞ்சுக் கைகளையும் ஸ்வெட்டருக்குள் திணித்தாள். முகத்தின் மேல் முந்தானையை மூடினாள்.

பிறகு தன்னுடைய ஸ்வெட்டர் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி ஏற்றினாள்.

பிள்ளைக்குக் குறுக்கே கையை நீட்டி வைத்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்தாள்.