பெட்டியின் மேல் பனி

ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடியில் பனி படியப் படிய, தேவகுஞ்சரி விடியற்காலையிலிருந்து ஒரு துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். முகம் தெரியாவிட்டால் வந்த கூட்டம் முணுமுணுத்தது. உள்ளே கிடந்த அவள் புருஷன் தாமோதரன், ஒன்பது வருடம் ஓடிய டிவி காமெடித் தொடரில் பார் முதலாளி. வாராவாரம் கடைசிக் காட்சியில், மேசை துடைக்கும் ஜெசிந்தாவிடம் காதலைச் சொல்ல வாயெடுப்பான். அதற்குள் எவனாவது பீர் கேட்டுவிடுவான். சொல்லாமலேயே தொடர் முடிந்தது. ஊரே அவனுக்காக உச்சுக்கொட்டியது.

பதினோரு மணிக்கு, ஜெசிந்தாவாக நடித்தவள் வந்தாள்.

"கொஞ்சம் தள்ளிக்கம்மா, ஜெசிந்தா வந்திருக்காங்க" என்று யாரோ தேவகுஞ்சரியின் தோளைத் தொட்டார். அவளும் தள்ளி நின்றாள். வந்தவள் முந்தானையால் கண்ணாடியை ஒரே ஒருமுறை துடைத்தாள். அவ்வளவுதான், செல்போன்கள் உயர்ந்தன. பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். காலையிலிருந்து துடைத்த கையை ஒருவரும் ஏறெடுத்துப் பார்த்திருக்கவில்லை.

நடிகை திரும்பி தேவகுஞ்சரியைக் கட்டிக்கொண்டாள். அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "தப்பா நெனைக்காதீங்கக்கா. கேமராவ அணைச்சிட்டா அவரு என் மூஞ்சியக்கூடப் பாக்கமாட்டாரு. ஒம்பது வருஷத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல."

"எங்கிட்டயுந்தான்" என்றாள் தேவகுஞ்சரி.

கண்ணாடியில் மறுபடி பனி படிந்து அவன் முகம் மறைந்தது. இரண்டு பேரும் துடைக்கப் போகவில்லை.