பிணி காட்டுதல்

திருமுல்லைவாயிலின் ஒரு சிறு மருத்துவமனையில், காலை வெயில் எட்டு வயது ரியாவின் மடியில் விழுந்து கிடக்கிறது. கழுவிக் கழுவித் தோலுரிந்த கைகளைக் கோத்து, கழுத்து வெட்டி இழுத்துவிடாதபடி பல்லைக் கடித்துக்கொண்டு, பொறையே உருவாக அமர்ந்திருக்கிறாள். "டாக்டர் முன்னால ஆடாத கண்ணு" என்று வழியெல்லாம் சொல்லி அழைத்து வந்தவள் தாய் ஞானகுமாரிதான். "நல்லாத்தானே இருக்கா? செல்லம் ஜாஸ்தி" என்று சிரித்தபடி மருத்துவர் அடுத்தவரை அழைக்கும் மணியை நோக்கிக் கை நீட்டுகிறார். "இல்ல சார், போன மாசம் தொண்டப் புண்ணு வந்துச்சு, அதுலேந்து இப்டித்தான் கீது. ஊட்ல கொஞ்சம் அழுக்கு பட்டாலும் கைய கய்விக்கினே கொயா தண்ணிய உட்டு வரவே மாட்டா" என்று தந்தை ஜெயபால் மன்றாடுகிறார். மணி ஒலிக்கிறது. ஜெயபால் வெளியே ஓடி, வாயிலில் கழற்றிவிட்ட தம் செருப்பைக் கொணர்ந்து மகளின் உள்ளங்கையில் அழுத்தித் தேய்க்கிறார். அலறல் எழுகிறது. தலை இடப்புறமாக வெட்டி வெட்டி இழுக்க, அவள் அந்தக் கையைச் சுவரில் உரசுகிறாள்; வெண்சுண்ணம் சிவக்கிறது. ஞானகுமாரி கண்மூடி இயேசுவின் நாமத்தை முணுமுணுக்கிறாள். மருத்துவரின் சிரிப்பு மறைகிறது. "தொண்டைக் கிருமி மூளையப் பாதிச்சிருக்கலாம். நியூரோ டாக்டருக்கு வீடியோ அனுப்பணும்" என்று கைப்பேசியை எடுப்பதற்குள் குழந்தை தாயின் முந்தானையில் புதைந்து ஓய்ந்துவிடுகிறாள். "எடுக்கறதுக்குள்ள நின்னுடுச்சே. இன்னொரு வாட்டி தேயுங்க." ஜெயபால் குனிந்து செருப்பை எடுக்கிறார்.