இரண்டாவது கோடு

மத்தியான வெயில் ஆய்வகத்தின் மங்கிய கண்ணாடி வழியே வந்து மேஜைமேல் ஆடாமல் கிடக்கிறது. வயிற்றுப்போக்கில் அழுது ஓய்ந்த குழந்தை, தாயின் மடியில் இமைக்காமல் கூரையையே பார்க்கிறான். கண்கள் குழிக்குள் போய்விட்டன. அவனுடைய மலத்தைக் கரைத்த நீரைச் சோதனைப் பட்டையில் சொட்டவிட்டு ஆய்வகப் பெண் காத்திருக்கிறாள். ஈரம் ஓசையில்லாமல் ஊர்ந்து ஏறுகிறது. மேல்கோடு சிவக்கிறது, பட்டை வேலை செய்கிறது என்பதற்கு மட்டுமே அது அடையாளம். அதன் கீழே வெறும் வெள்ளை. அங்கேயும் கோடு விழுந்தால் காலரா. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வெள்ளைக்குள்ளிருந்து யாரோ நடந்து வருவதுபோல் ஒரு நிழல் திரண்டு, மெல்லச் சிவக்கிறது. தாய் எட்டிப் பார்க்கிறாள். வாடிய முகம் சட்டென்று மலர்கிறது. “ரெண்டு கோடு வந்துடுச்சுக்கா! இவன் வயித்துல உண்டானப்ப பாத்த பட்டையிலயும் இப்படியேதான் வந்துச்சு. இவங்கப்பா அதைத் தூக்கிட்டுப்போய் வீடு வீடாக் காட்டி என் மானத்தையே வாங்கிட்டாரு.” ஆய்வகப் பெண் அவளைப் பார்க்காமல் தொலைபேசியை எடுக்கிறாள். “டாக்டர், காலராதான். உடனே டிரிப் ஏத்தணும்.” குழந்தை இன்னும் இமைக்கவில்லை. தாயின் சிரிப்பு மட்டும், இறங்க வழி தெரியாமல், முகத்திலேயே நிற்கிறது.