மயிலாடிக் கல்லில் கடற்காகம்

கல்லூரி விலங்கியல் கூடத்தின் சன்னல் வெயிலில், முட்டத்துக் கடற்கரையில் பொறுக்கிய பறவையின் எலும்புக்கூடு, கண்ணாடிப் பெட்டிக்குள் போவதற்காகக் கம்பியில் நிற்கிறது. அதனடியில் மயிலாடியில் வெட்டி வாங்கிய கருங்கல் பலகை. 'கடற்காகம்' என்று சிறிதாகவும், 'கண்டறிந்தவர் பேராசிரியர் ஹரிகுமார்' என்று பெரிதாகவும் செதுக்கியிருக்கிறது. ஹரிகுமார் கைக்குட்டையால் தன் பெயரை மட்டும் துடைக்கிறார். மாணவி அஜிஷா மண்டையோட்டருகே குனிகிறாள். "சார், இது கடற்காகம் இல்ல. அலகுக்கு மேல ரெண்டு குழல் இருக்குல்லா? ஆழ்கடல்லயே கெடக்குத பறவைக்குத்தான் இப்பிடி மூக்கு இருக்கும்." அவர் எலும்பைப் பார்க்கவில்லை, கல்லைப் பார்க்கிறார். "கல்லுல வெட்டியாச்சு, மக்கா. நாளைக்குத் திறப்பு விழா. அந்தக் குழல் வெறும் அழுக்காக்கும்." மேசையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து, நகத்தழுக்கு எடுக்கிற அதே சிரத்தையுடன் அந்தக் குழல்களைக் கரகரவென்று சுரண்டுகிறார். பழுப்புத் தூள் அவர் பெயரின் மேல் உதிர்கிறது. குழல் போய் மழுங்கிய பறவையலகை ஊதிவிட்டு நிமிர்கிறார். "இப்பம் பாரு. கடற்காகந்தானே?" அஜிஷா அவர் கையிலிருந்து கத்தியை வாங்கி, துடைக்காமல், எலும்புக்கூட்டின் பக்கத்தில் வைக்கிறாள். "கண்டுபிடிச்ச கருவி இதுல்லா சார். இதையும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருவோம்."