கடைசித் தாள் முதலில்

ராணுவ ஆவணக் கோப்பில் புதிய தாள் மேலே இருக்கும், பழையது அடியில். அதனால் ஒரு சிப்பாயின் வாழ்க்கையை அவன் சாவில் ஆரம்பித்துப் பின்னோக்கித்தான் படித்தாக வேண்டும்.

இதைச் சொன்ன ஆவண அறை குமாஸ்தா ஒரு பென்சிலை என் முன்னால் வைத்தாள். பேனா கூடாது, போட்டோ கூடாது, அரை மணி நேரம்தான். தாத்தாவின் கோப்பைக் கண்ணால் பார்க்க இரண்டு வருஷம் நடையாய் நடந்திருந்தேன்.

அப்பா என் பக்கத்தில் உட்காராமல் ஜன்னலோர பெஞ்சுக்குப் போய்விட்டார். புரை விழுந்த கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் என்ன, பத்தடி தள்ளி இருந்தால் என்ன. செய்தித்தாளானாலும் மருந்துச் சீட்டானாலும் நான்தான் அவருக்குப் படித்துக் காட்டுகிறேன்.

வரும் வழியெல்லாம், "கரையான் தின்னுருக்கும், திரும்பிடலாம்மா" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தார். ஏமாந்துவிடுவோமோ என்று பயப்படுகிறார், பாவம், என்று நினைத்தேன்.

சண்டைக்குப் போன தாத்தா என்ன ஆனார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. எண்பது வயதிலும் அப்பாவுக்கு அந்த ஆற்றாமை போகவில்லை. நாலு பேர் கூடினால் போதும், ஆரம்பித்துவிடுவார். முழு ஆளைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் ஒரு வரி எழுதிப் போட்டார்களா என்பார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். கேட்பவர்களும் துடைத்துக்கொள்வார்கள்.

அந்த ஒரு வரியை அவர் கண் மூடுவதற்குள் காட்டிவிட வேண்டும் என்றுதான் இத்தனை அலைச்சல்.

முதல் தாள் இறப்புச் சான்று.

தேதியைப் பார்த்ததும் கோப்பு மாறி வந்துவிட்டது என்றே நினைத்தேன். எண் சரியாக இருந்தது. பெயர், தகப்பன் பெயர், இடது தோளில் மச்சம், எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் மனுஷன் சண்டையில் சாகவில்லை. அது முடிந்து பத்தொன்பது வருஷம் கழித்துத்தான் செத்திருக்கிறார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மற்ற பிள்ளைகள் தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் வந்த காலத்தில் எனக்கும் ஒரு தாத்தா இருந்திருக்கிறார்.

இறந்த இடம், ஊனமுற்ற படைவீரர் இல்லம். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம்.

எல்லாவற்றையும் சத்தமாகப் படித்தேன். அப்பா ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தார். அழுகிறார் என்று எண்ணி, கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

அடுத்த பத்தொன்பது தாளும் ஒரே படிவம், வருஷத்துக்கு ஒன்று. எடை இவ்வளவு. பேச்சு இல்லை. தானாகச் சாப்பிடுகிறார். வந்து பார்த்தவர்கள்: இல்லை.

அந்த 'இல்லை'யைப் பத்தொன்பது தடவை படித்தேன். நடுவில் ஒரு வருஷம் மட்டும், எழுதினவனுக்கே மனசு கேட்கவில்லை போல, ஓரத்தில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. 'பஸ் சத்தம் கேட்டால் எழுந்து நிற்கிறார்.'

அதற்கும் அடியில் ராணுவம் எங்கள் வீட்டு விலாசத்துக்குப் போட்ட கடிதம். மூன்றாவது நினைவூட்டல் என்று தலைப்பு. தலையில் காயம், நினைவு தப்பியுள்ளது, கைரேகை ஒத்துப்போகிறது, குடும்பத்தார் வந்து அழைத்துச் செல்லவும், புகைப்படம் இணைக்கப்பட்டுள்ளது.

ஒரு வரி அல்ல, மூன்று கடிதம் போட்டிருக்கிறார்கள்.

தாளைத் திருப்பினேன். அதன் முதுகிலேயே பதில் எழுதி அனுப்பியிருந்தார்கள். கையெழுத்துப் போடவில்லை, 'இப்படிக்கு, குடும்பத்தார்' என்று மட்டும். ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கிப் படித்த எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோருக்கும் இருந்த அதே குண்டு குண்டான எழுத்து.

"பெரியப்பா வேலைப்பா இது!" என்றேன்.

எங்கள் குடும்பத்தில் தொலைந்த சாவியிலிருந்து முறிந்த சம்பந்தம் வரை எல்லாப் பழியும், செத்துப் பல வருஷமான பெரியப்பா தலையில்தான் விழும். நானும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். பெற்றவனைக் கைகழுவியவன், நன்றி கெட்டவன், நல்ல சாவா செத்தான் அவன், என்று. குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தாள். அப்பா ஜன்னல் கம்பியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

ஆத்திரம் தணியாமலே பதிலைப் படிக்க ஆரம்பித்தேன்.

'படத்தில் இருப்பவர் எங்கள் தகப்பனார் அல்ல. அவர் இறந்து, காரியங்கள் முடிந்துவிட்டன. அடுத்த மாதம் தங்கைக்குக் கல்யாணம். நல்லது நடக்கும் நேரத்தில் இந்த ஆளை இங்கே கூட்டி வந்தால்...'

அதற்கு மேல் ஓடவில்லை. அலுவலக முத்திரை அங்கேதான் விழுந்து, மிச்சத்தை மசியால் மூடியிருந்தது. தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஒரு எழுத்தும் பிடிபடவில்லை.

"'...வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவோம்'னு இருக்கும்" என்றார் அப்பா.

ஜன்னலை விட்டு அவர் திரும்பவே இல்லை.

"இந்த ஆளைன்னு படிச்சியே, அதுக்குக் கீழ பாரும்மா. மொதல்ல அப்பாவைன்னு எழுதி அடிச்சிருக்கும்."

பார்த்தேன். அடித்திருந்தது.